அலைகளைப் பிரித்தறிந்த ஃபூரியே

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர் பெருமக்கள், அருளாளர்கள், தேசத் தொண்டர்கள் ஆகியோரின் சரிதங்கள் வெளிவருவது வழக்கம். இம்முறை யாம் எழுதப் புகுவது பிரெஞ்சு தேசத்துக் கணித அறிஞர் ஒருவரின் சரிதமாகும். 1830-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட அவருக்கும், பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து இக்காலனியில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அது நம் காலனி வீடொன்றின் மாடியறையிலேயே இருக்கின்றது. அதனை முதலிற் சொல்லிவிட்டுச் சரிதத்துக்குள் புகுவோம்.

மாடியறையில் கண்ட காட்சி

நம் காலனி இளைஞர் ஒருவர் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். ஹாம் ரேடியோ என்று பொதுவாக வழங்கப்படுவது அதுவே. ஒரு நாள் மாலை அவர் எம்மை அழைத்துச் சென்று தம் நிலையத்தைக் காட்டினார். பெரிய பெட்டியும், வரிசை வரிசையாகக் குமிழ்களும், ஒளிரும் வால்வுகளும் இருக்கும் என்று எண்ணிச் சென்ற எமக்கு முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. மொட்டை மாடியில் ஓர் ஏரியல்; அதிலிருந்து இறங்கிய கேபிளின் முனையில் கட்டைவிரல் அளவினதாய் ஒரு சிறு கருவி; அக்கருவி மடிக்கணினியிற் செருகப்பட்டிருந்தது. அவ்வளவே நிலையம்.

ஆனால் திரையைப் பார்த்ததும் எம் ஏமாற்றம் வியப்பாக மாறிற்று. மேற்பாதியில் மலைத்தொடரின் விளிம்பு போல ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியில் கருநீலப் பின்னணியின்மீது அருவி இறங்குவதுபோல் ஒரு படம் ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயரே அருவி என்னும் பொருளில் வாட்டர்ஃபால் என்பதாம். இந்நாட்டு அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி முழுவதும் இடமிருந்து வலமாக ஒரே பார்வையில் விரிந்து கிடந்தது. எங்கோ ஒருவர் பேசத் தொடங்கினால் உரிய இடத்தில் ஒரு மஞ்சட் பட்டை தோன்றும். அவர் பேச்சை நிறுத்தினால் பட்டை அறும். மோர்ஸ் குறிகளை அனுப்புவோர் இருந்தால் மெல்லிய கோடு விட்டு விட்டு இறங்கும். முன்னாளில் குமிழைத் திருகித் திருகிச் செவியால் தேட வேண்டியிருந்த நிலையங்களை இங்கே கண்ணாற் கண்டு, விரலால் தொட்டு, பின்பு கேட்கலாம்.

அன்று இன்னொன்றும் கண்டோம். திரையின் ஒரு பகுதியில் சீப்பின் பற்களைப்போல் சம இடைவெளியில் மங்கிய கோடுகள் நின்றன. அவை எந்த நிலையத்தினுடையவை என்று வினவினோம். இளைஞர் விடையேதும் கூறாமல் சுவரிலிருந்த கைப்பேசிச் சார்ஜரைப் பிடுங்கினார். சீப்பு முழுவதும் மறைந்துவிட்டது. அந்தச் சீப்பை அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இறுதியில் அதனிடம் திரும்பி வருவோம்.

அச்சிறு கருவி செய்யும் வேலை இதுதான். ஏரியலில் வந்து விழும் அலையில் நாம் வேண்டும் பகுதியைக் கீழ் அதிர்வெண்ணுக்கு இறக்கி, வினாடிக்கு ஏறத்தாழ 24 லட்சம் முறை அளந்து, அளவுகளை வெறும் எண்களாகக் கணினிக்கு அனுப்புகின்றது. முதலில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட மலிவான கருவி அது. அதனை இவ்வாறு வானொலிக்குப் பயன்படுத்தலாம் என்பது 2012-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிற்று. எஞ்சிய வேலை அனைத்தையும் எஸ்.டி.ஆர். ஷார்ப், எச்.டி.எஸ்.டி.ஆர்., ஜி.கியூ.ஆர்.எக்ஸ். போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. பழைய பெட்டியில் சுருளும் மின்தேக்கியும் செய்த வேலையை இங்கே கணக்கு செய்கின்றது.

இருப்புப்பாதையிற் பணிபுரியும் எமக்கு அஞ்சற் பிரிப்பு வண்டியின் உவமையே தோன்றிற்று. முன்னாளில் பல ஊர்களுக்குரிய கடிதங்கள் ஒரே சாக்கில் கலந்து அவ்வண்டிக்கு வந்தன. ஆர்.எம்.எஸ். ஊழியர் அவற்றை ஊர்வாரியாகச் சுவர் அறைகளிற் போட்டார். எந்த அறையில் எவ்வளவு கடிதம் சேர்ந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவ்வண்ணமே ஏரியலிலும் எல்லா நிலையங்களின் அலைகளும் கலந்து ஒரே நெளிவாகத்தான் வருகின்றன. அதனை அதிர்வெண்வாரியாகப் பிரித்து அறைகளில் இடுவதே அத்திரையின் இரகசியம். ஆனால் கடிதத்தின்மீது ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். அலையின்மீது ஒன்றும் எழுதியிராதே! கலந்துவிட்டதை மீண்டும் பிரிக்கலாம் என்று முதலில் துணிந்தவர் யார் என்று கேட்டோம். இளைஞர் ஒரே ஒரு பெயரைச் சொன்னார். பொறியியற் கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகள் ஃபூரியர் தொடர் என்று அஞ்சி அஞ்சிப் படிக்கின்றார்களே, அப்பெயர்தான். பிரெஞ்சு மொழியில் அதனை ஃபூரியே என்று உச்சரிப்பர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய யாம் அவருடைய கணிதத்தின் ஆழத்தை அளக்க வல்லோமல்லோம். ஆயினும் அவருடைய வாழ்க்கையைப் படித்தறிந்தபோது, அலுவலகம் செல்லும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் ஒன்று உண்டு எனக் கண்டோம்.

தையற்காரர் மகன்

ழான் பத்தீஸ்த் ஜோசப் ஃபூரியே 1768-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள், பிரான்சிலுள்ள ஒசேர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தையற்காரர். குடும்பம் பெரியது, செல்வம் சிறியது. பத்து வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்து சிறுவர் அநாதையானார். நல்லோர் சிலர் பரிந்துரைத்ததால் பெனடிக்டின் துறவியர் நடத்திவந்த அவ்வூர் இராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேதான் கணிதம் அவரைப் பற்றிக்கொண்டது. பகலில் எரிந்து எஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்து, எல்லோரும் உறங்கிய பின் அவற்றின் ஒளியிற் கணக்குப் போடுவார் என்று அவர் சரிதம் எழுதியோர் கூறுவர்.

படிப்பு முடிந்ததும் பீரங்கிப் படையிற் சேர விரும்பினார். கணிதம் வல்லார்க்கு அப்படையில் நல்ல இடமுண்டு. ஆயினும் அந்நாளில் அத்தகைய பதவிகள் பிரபு குலத்தில் பிறந்தோர்க்கே உரியன. தையற்காரர் மகனுக்குக் கதவு அடைக்கப்பட்டது. வேறு வழியின்றி 1787-இல் துறவு மடமொன்றிற் சேர்ந்தார். அங்கும் மனம் கணிதத்தையே நாடிற்று. இருபத்தொன்றாவது வயது நிறைந்தபோது, அவ்வயதில் நியூட்டனும் பாஸ்கலும் அழியாப் புகழுக்குரிய காரியங்களைச் செய்துவிட்டார்களே, தாம் ஒன்றும் செய்யவில்லையே என்று தம் ஆசிரியருக்கு வருந்தி எழுதினார். அதே 1789-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. ஃபூரியே துறவற உறுதிமொழி எடுத்துக்கொள்ளாமலே மடத்தை விட்டு வெளியேறி, தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார்.

கத்தியின் நிழலில்

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கிய புரட்சியைத் தையற்காரர் மகன் வரவேற்றதில் வியப்பில்லை. 1793-இல் ஊர்ப் புரட்சிக் குழுவிற் சேர்ந்தார். ஆனால் விரைவிலேயே புரட்சி தன் பிள்ளைகளையே பலிகொள்ளத் தொடங்கிற்று. ஒர்லேயான் நகரில் துன்பத்துக்கு ஆளான சிலருக்காகப் பரிந்து பேசியதே ஃபூரியேக்கு வினையாயிற்று. 1794-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் சிறையிடப்பட்டார். அந்நாட்களில் சிறையிலிருந்து பலர் சென்ற வழி கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறிக்கே. அம்மாத இறுதியில் ரொபஸ்பியேர் வீழ்ச்சியுற்றுத் தாமே அப்பொறிக்கு இரையானார். சிறைக்கதவுகள் திறந்தன; ஃபூரியே உயிர் தப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அடுத்த ஆண்டு பாரிசில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் புதிய கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு மாணவராகச் சென்ற ஃபூரியேக்கு லக்ராஞ்சு, லாப்லாஸ், மோஞ்ச் என்னும் மூன்று பெருங் கணிதர்கள் பாடம் நடத்தினர். விரைவில் புகழ்பெற்ற பொலிடெக்னிக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். 1797-இல் லக்ராஞ்சு வகித்த ஆசிரிய பீடமே அவருக்குக் கிடைத்தது. இனித் தம் வாழ்நாள் முழுவதும் கரும்பலகை முன்னே கழியும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஊழ் வேறாக எண்ணிற்று.

எகிப்துப் பயணம்

1798-இல் நெப்போலியன் எகிப்தின்மேற் படையெடுத்தபோது வீரர்களோடு அறிஞர் கூட்டம் ஒன்றையும் உடன் கொண்டு சென்றார். அதில் ஃபூரியேயும் ஒருவர். கெய்ரோ நகரில் நிறுவப்பட்ட அறிவியற் கழகத்துக்கு அவரே செயலாளரானார். சங்கச் செயலாளர் பதவி எத்தகையது என்பதை நாம் அறிவோம்; புகழ் தலைவருக்கு, வேலை செயலாளருக்கு! ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் பிரெஞ்சுக் கப்பல்களை அழித்துவிட்டமையால் தாயகம் திரும்பும் வழி அடைபட்டது. அயலார் மண்ணில், தாயகச் செய்தி அரிதாகவே வந்த நிலையில், மூன்றாண்டுகள் கழிந்தன. 1801-இல் தான் அவர் பிரான்சுக்கு மீண்டார்.

அப்பாலைவனத்தின் வெப்பம் அவர் உடலில் ஊறிவிட்டது போலும். அதன் பின்னர் குளிர் அவருக்கு ஒவ்வவே இல்லை. கோடையிலும் கனத்த ஆடைகளைப் போர்த்தி, அறையை அனல்போற் சூடாக வைத்துக்கொள்வார் என்பர். வெப்பத்தைக் கணிதத்தால் ஆராய்ந்தவர் வெப்பத்தை விட்டு அகலாதவராகவும் இருந்தது விந்தையே.

கலெக்டர் ஃபூரியே

ஊர் திரும்பியவர் மீண்டும் கல்லூரியிற் பாடம் நடத்தவே விரும்பினார். ஆனால் 1802-இல் நெப்போலியன் அவரை இசேர் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக நியமித்தார். நம் நாட்டுக் கலெக்டர் பதவிக்கு நிகரானது அது. தலைநகரிலிருந்து நெடுந்தொலைவில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள கிரனோபிள் நகரம் அவருடைய தலைமையிடமாயிற்று. ஆணையை மறுக்க இயலாது. மாற்றல் உத்தரவு வந்தபின் பெட்டி படுக்கையைக் கட்டவேண்டியதுதானே. நம் வீடுகளில் அறியாத செய்தியா இது?

விருப்பமின்றி ஏற்ற பதவியாயினும் அதனை அவர் அரைமனத்தோடு செய்யவில்லை. பூர்குவான் என்னும் பகுதியிற் பெரிய சதுப்பு நிலம் ஒன்று கிடந்தது. அங்கிருந்து காய்ச்சல் பரவி ஊர்களை வாட்டிற்று. அதனை வடித்து விளைநிலமாக்க வேண்டுமாயின் அதன்மீது உரிமை கொண்டாடிய ஏறத்தாழ நாற்பது ஊரார் ஒருமனப்பட வேண்டும். பன்னெடுங்காலமாக அது கைகூடவில்லை. ஃபூரியே ஊர் ஊராகப் பேசி, வழக்குத் தீர்த்து, அனைவரையும் இசையச் செய்தார். சதுப்பு வற்றியது. கிரனோபிளிலிருந்து இத்தாலியின் தூரின் நகரை நோக்கிப் புதிய மலைப்பாதையும் தொடங்கினார். எகிப்தைப் பற்றி அரசு வெளியிட்ட பெருநூலுக்கு வரலாற்று முன்னுரை எழுதும் பொறுப்பும் அவர் தலைமேல் விழுந்தது. அதில் அவருக்கு உதவியவரின் தம்பியே, பிற்காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்துக்களை வாசித்துப் புகழ்பெற்ற சம்போலியன்.

இத்தனை அலுவல்களுக்கிடையே, கோப்புகள் மூடப்பட்ட பின்னர் எஞ்சிய நேரத்தில், ஃபூரியே ஒரு கேள்வியை விடாது பற்றியிருந்தார். ஒரு பொருளின் ஓரிடத்தைச் சூடாக்கினால் வெப்பம் அதனூடே எவ்வாறு பரவுகின்றது? இரும்பு வளையத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்கி, பல இடங்களில் வெப்பமானி வைத்து அளந்து பார்த்தார். அளவுகளை விளக்கக் கணிதம் தேடினார்.

அவர் கண்ட வழி இதுவாகும். வளையத்தில் வெப்பம் எவ்வளவு ஒழுங்கற்றுப் பரவியிருந்தாலும், அதனைப் பல எளிய அலை வடிவங்களின் கூட்டுத்தொகையாகக் கருதலாம். முதல் அலை வளையத்தை ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை ஏறி இறங்கும், இரண்டாவது இருமுறை, மூன்றாவது மும்முறை. ஒவ்வோர் அலையும் தனக்குரிய வேகத்தில் தணியும். நெருக்கமாக ஏறி இறங்கும் அலைகள் விரைவில் மறையும். அகன்றவை நின்று மெல்ல அடங்கும். தனித்தனியே கணக்கிட்டு, மீண்டும் கூட்டினால் எந்த நேரத்திலும் வளையத்தின் நிலை தெரிந்துவிடும். கலந்துகிடப்பதில் எந்த அலை எவ்வளவு உள்ளது என்று பிரித்தறியவும் ஒரு சூத்திரம் கொடுத்தார். இச்சூத்திரமே நம் அஞ்சல் வண்டி ஊழியரின் கை.

பெரியோர் மறுத்தனர்

1807-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இவ்வாராய்ச்சியைப் பாரிஸ் அறிவியற் கழகத்திற்குச் சமர்ப்பித்தார். ஆராய அமர்த்தப்பட்டோர் நால்வர்: லக்ராஞ்சு, லாப்லாஸ், மோஞ்ச், லக்ருவா. முதல் மூவரும் அவருடைய ஆசிரியர்களே. அவர்களுள் லக்ராஞ்சு இதனை உறுதியாக மறுத்தார்.

மறுப்பின் காரணத்தை எம் அறிவுக்கு எட்டியவரை சொல்லுகிறோம். ஃபூரியே எந்த வடிவத்தையும் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார். அலையோ வழவழவென்று வளைந்து செல்வது; அதில் மூலையே கிடையாது. படிக்கட்டுப்போல் செங்குத்தாக எழுந்து, தட்டையாகச் சென்று, செங்குத்தாக விழும் வடிவத்தை வெறும் வளைவுகளைக் கூட்டிக்கூட்டி எவ்வாறு உண்டாக்க முடியும்? மூலை எங்கிருந்து வரும்? கேள்வி நியாயமானதே. ஃபூரியே தந்த விடை, அலைகளை எண்ணிறந்தனவாகக் கூட்டிக்கொண்டே போனால் மூலை வரும் என்பதாகும். ஆனால் அதற்குக் கணிதர் ஏற்கும் முழுமையான நிரூபணம் அவர் கையில் இல்லை. கட்டுரை அச்சேறவில்லை.

1811-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிக்குரிய பொருளாகக் கழகம் வெப்பப் பரவலையே அறிவித்திருந்தது. ஃபூரியே தம் கட்டுரையை விரித்தெழுதி அனுப்பினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பரிசு அவருக்கே கிடைத்தது. ஆனால் தீர்ப்பில் ஒரு குறையும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது: முறையில் கண்டிப்புப் போதாது, பொதுமையும் போதாது என்பது அதன் கருத்து. பரிசு பெற்ற கட்டுரையையும் கழகம் உடனே அச்சிடவில்லை. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறித்தது போலாயிற்று. இச்செயல் ஃபூரியேயைப் புண்படுத்திற்று.

பதவியும் போயிற்று

இதற்கிடையே அரசியற் காற்று மாறிற்று. 1814-இல் நெப்போலியன் முடியிழந்தார். பழைய அரச வம்சம் திரும்பிற்று. ஃபூரியே பதவியில் நீடித்தார். மறு ஆண்டு நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து தப்பி வந்து கிரனோபிள் வழியாகவே பாரிசுக்குப் படைநடத்தினார். பழைய தலைவர் ஒரு பக்கம், சம்பளம் தரும் அரசர் மறு பக்கம். ஃபூரியே அரசர் சார்பிற் கடமையைச் செய்ய முயன்று, நெப்போலியன் நகருக்குள் புகுந்தபோது வெளியேறினார். முதலிற் சினந்த நெப்போலியன் பிறகு அவரை ரோன் மாவட்டத்துக்கு ஆட்சித் தலைவராக்கினார். அப்பதவியையும் அவர் விரைவில் துறந்தார். வாட்டர்லூவுக்குப் பின் மீண்டும் அரச ஆட்சி. இரு சாராருக்கும் ஐயத்துக்குரியவராகி, நாற்பத்தேழு வயதில் வேலையும் ஓய்வூதியமும் இன்றிப் பாரிஸ் தெருவில் நின்றார் முன்னாள் கலெக்டர்.

அப்போது கைகொடுத்தவர் அவரிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர். பாரிஸ் அமைந்த சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராயிருந்த அவர், ஆசிரியரைப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவராக அமர்த்தினார். 1816-இல் அறிவியற் கழகம் ஃபூரியேயை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அரசர் ஒப்புதல் தர மறுத்தார். 1817-இல் மீண்டும் தேர்ந்தெடுத்தது. இம்முறை மறுப்பு எழவில்லை. 1822-இல் அக்கழகத்துக்கே நிரந்தரச் செயலாளரானார். அவ்வாண்டில்தான் வெப்பத்தின் பகுப்பாய்வுக் கொள்கை என்னும் அவருடைய பெருநூல் வெளிவந்தது. முதற் கட்டுரை சமர்ப்பித்து அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பரிசுக் கட்டுரையையும் அதன்பின் கழகமே அச்சிட்டது. 1824-இல் நிலவுலகின் வெப்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், காற்று மண்டலம் வெப்பத்தை உள்ளே வரவிட்டு வெளியே செல்வதைத் தடுப்பதால் பூமி சூடாக இருக்கின்றது என்ற கருத்தையும் வெளியிட்டார். இன்று உலகமே கவலையோடு பேசும் செய்தி அது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதி ஆண்டுகளில் மூச்சுத் திணறலால் வருந்தினார். 1830-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் மாடிப்படியில் தவறி விழுந்தார். அதே மாதம் 16-ஆம் நாள் பாரிசில் உயிர் நீத்தார்.

மறைந்த பின் நிறைந்தது

மூலை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை, ஃபூரியே மறைவதற்கு ஓராண்டு முன்பு, 1829-இல் டிரிக்லே என்ற இளைஞரிடமிருந்து வந்தது. எத்தகைய வடிவங்களுக்கு ஃபூரியேயின் கூட்டல் பிழையின்றிப் பொருந்தும் என்பதை அவர் நிபந்தனைகளோடு நிறுவினார். பாரிசில் ஃபூரியேயின் ஆதரவைப் பெற்றவர் அவர். ஆகவே, கருத்து சரியானது, நிரூபணம் குறைவானது. மறுத்த பெரியோரும் பொறாமையால் மறுக்கவில்லை. அவர்கள் சுட்டிய குறை மெய்யான குறையே. அதனை நிரப்ப முற்பட்டதால்தான் பின்வந்தோரின் கணிதம் வளர்ந்தது. இரு தரப்பும் நமக்கு நன்மையே செய்தன என்று கொள்வது தகும்.

ஹெர்ட்ஸ் வானொலி அலையைச் சோதனையாற் கண்டறிந்தது 1880-களின் இறுதியில். அதாவது ஃபூரியே மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு. வெப்பத்துக்காகக் கண்ட சூத்திரம் வானொலிக்கும் அவ்வாறே பொருந்திற்று. ஆனால் ஓர் இடையூறு இருந்தது; கணக்கு மிக நீளமானது. 1,024 அளவுகளை 1,024 அறைகளாகப் பிரிக்க நேர்வழியிற் சென்றால் 10,48,576 பெருக்கல்கள் வேண்டும். நம் இளைஞரின் கருவியோ வினாடிக்கு 24 லட்சம் அளவுகளை அனுப்புகின்றது. ஒன்றையும் விடாது பிரிப்பதாயின் வினாடிக்கு ஏறத்தாழ 246 கோடிப் பெருக்கல்கள் ஆகும். 1965-இல் கூலி, டூகி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், வேலையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் ஒரு குறுக்கு வழியை வெளியிட்டனர். அவ்வழியில் 1,024 அளவுகளுக்கு 5,120 பெருக்கல்களே போதும். 246 கோடி, 1 கோடியே 20 லட்சமாகக் குறைந்துவிடும். இதே குறுக்கு வழியை ஜெர்மானியக் கணிதர் காஸ் 1805-லேயே கண்டு எழுதி வைத்திருந்தார் என்பதும், அது அவர் மறைந்த பின்னர் 1866-இல் அச்சாகியும் எவர் கருத்தையும் கவரவில்லை என்பதும் பிற்பாடு தெரியவந்தது. அச்சேறாத கட்டுரையும், அச்சேறிக் கவனிக்கப்படாத கட்டுரையும் சேர்ந்துதான் இன்றைய திரையில் அருவியாக இறங்குகின்றன.

இனி அந்தச் சீப்பிடம் வருவோம். கைப்பேசிச் சார்ஜர் தன்னுள்ளே மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைக்கின்றது. வெட்டு ஒவ்வொன்றும் படிக்கட்டுப்போற் செங்குத்தானது. லக்ராஞ்சு நம்ப மறுத்த அதே மூலை வடிவம். ஃபூரியே சொன்னது மெய்யாயின், அம்மூலைக்குள் அடிப்படை அலையும், அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனச் சம இடைவெளியில் எண்ணற்ற அலைகளும் ஒளிந்திருக்க வேண்டும். ஒளிந்திருந்தன. நம் காலனி மாடியறையில், திரையின்மீது, சீப்பின் பற்களாக வரிசை கட்டி நின்றன. 1807-இல் பாரிசில் நால்வர் அவையில் எழுந்த வழக்குக்குச் சான்று, சில நூறு ரூபாய்ச் சார்ஜரில் கிடைக்கின்றது. தம் வீட்டு வானொலியில் இரைச்சல் கேட்டு அலுத்துக்கொள்ளும் அன்பர்கள், அது ஃபூரியேயின் வெற்றி முழக்கம் என்று எண்ணி ஆறுதல் அடையலாம்!

முடிவாக

ஒசேர் நகரத்தார் 1849-இல் ஃபூரியேக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். இரண்டாம் உலகப்போரில் அது ஆயுதம் வார்ப்பதற்காக உருக்கப்பட்டுவிட்டது. கிரனோபிளில் அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் 2016-இல் மற்றவற்றோடு இணைக்கப்பட்டுப் பெயர் மாறிவிட்டது. பாரிசின் ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் அவருடைய பெயரும் உண்டு. தரையில் நிற்போர் அண்ணாந்து தேடினாலன்றிக் கண்ணிற் படாது. ஆனால் இரவுதோறும் உலகெங்கும் அமெச்சூர்கள் கணினியைத் திறக்கும்போது அவருடைய கருத்து திரையில் உயிர்பெற்று வழிகின்றது. உருக்க முடியாத சிலை அதுவே.

நம்மில் பலர் விரும்பிய துறை ஒன்று, வாய்த்த உத்தியோகம் வேறொன்று என்ற நிலையினர். கோப்புகளும் மாற்றல்களும் நம் ஆசையைத் தின்றுவிட்டன என்று குறைப்படுவோரும் உளர். ஃபூரியே சதுப்பையும் வடித்தார், சூத்திரத்தையும் கண்டார். இருபத்தொன்றில் ஒன்றும் செய்யவில்லை என்று வருந்தியவர், முப்பத்தொன்பதில் மறுக்கப்பட்டு, ஐம்பத்து நான்கில் நூலைக் கையில் ஏந்தினார். இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

மாடியறைத் திரையை நேரிற் காண விரும்பும் சிறுவர் சிறுமியர் விடுமுறை நாட்களில் மாலை நேரத்தில் வரலாம் என்று அவ்விளைஞர் சொல்லியிருக்கின்றார். பெற்றோர் அனுப்பி வைக்க வேண்டுகிறோம். அடுத்த பருவத்தில் ஃபூரியர் தொடர் பாடமாக வரும் கல்லூரி மாணவர்கள் அவசியம் செல்க. சார்ஜர் ஒன்றையும் மறவாமல் கொண்டு செல்க.